வீடியோவுக்கு ஏ.ஐ. உதவட்டும், வார்த்தைக்கு நாம் பொறுப்பு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பாகூர் கொம்யூனைச் சேர்ந்த குழு ஊக்குநர் ஒருவர் ஆற்றிய உரை. சிறு திருத்தங்களுடன் இம்மலரில் வெளியிடப்படுகிறது.)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு, ஏ.ஐ. கருவிகளை வைத்து வீடியோவைத் திட்டமிடுவது, அதுக்கு வசனம் எழுதுவது. ஏ.ஐ. என்றால் செயற்கை நுண்ணறிவு. தலைப்பைக் கேட்டதும் எனக்கே பயமாக இருந்தது. நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. பத்தாவது முடித்ததும் கல்யாணம் ஆகிவிட்டது. குழுவில் சேர்ந்த பிறகுதான் தீர்மானப் புத்தகம் எழுதக் கற்றுக்கொண்டேன், வங்கிக்குப் போய்ப் பேசக் கற்றுக்கொண்டேன். செல்போனில் வீடியோ எடுக்கப் பழகி இரண்டு வருஷம்தான் ஆகிறது. அதனால் பெரிய விஷயம் எதுவும் நான் சொல்லப் போவதில்லை. எங்கள் குழு என்ன செய்தது, எங்கே தப்பு செய்தது, இப்போ எப்படிச் செய்கிறோம், இதைத்தான் சொல்லப் போகிறேன்.

அதுக்கு முன்னாடி ஒரு பழைய கதை. நம்ம பக்கத்துக் கதைதான்.

இங்கே இருக்கிற பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நம்ம வில்லியனூரை மையமாக வைத்து ‘தகவல் கிராமம்’ என்று ஒரு திட்டம் தொடங்கியது. ஏம்பலம், வீராம்பட்டினம் போன்ற ஊர்களில் அறிவு மையங்கள் வந்தன. அப்போ நம்ம கிராமங்களில் போன் இருக்கிற வீடே அபூர்வம். அதனால் வில்லியனூரிலிருந்து மற்ற ஊர்களுக்கு வயர்லெஸ் வழியாகத் தகவல் அனுப்பினார்கள். அந்த மையங்களில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்டியவர்களில் நிறையப் பேர் நம்மைப் போல கிராமத்துப் பெண்கள்தான்.

வீராம்பட்டினத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் கடல் அலை எவ்வளவு உயரம் வரும் என்று முன்கூட்டியே போடுவார்கள். அதை எடுத்து, நம்ம தமிழில் மாற்றி, ஒலிபெருக்கியில் சொல்வார்கள். கடலுக்குப் போகிறவர்கள் அதைக் கேட்டுவிட்டுப் போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பார்கள். தகவல் எங்கோ அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆனால் மீனவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னது நம்ம ஊர் ஆட்கள்.

அதுக்குப் பிறகு 2004 டிசம்பர் 26. சுனாமி வந்த காலை. நம்ம கடற்கரை ஊரான நல்லவாட்டைச் சேர்ந்த ஒருத்தர் அப்போ சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். கடல் பொங்குகிற செய்தி அவருக்கு அங்கே முதலிலேயே தெரிந்துவிட்டது. உடனே ஊருக்குப் போன் போட்டார். ஊர்க்காரர்கள் அறிவு மையத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சனங்கள் எல்லாரும் கடற்கரையை விட்டு வெளியேறினார்கள். படகு போச்சு, வீடு போச்சு, உயிர் தப்பிச்சது.

இதை நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு ஒலிபெருக்கி ‘ஓடுங்க’ என்று சொன்னால் யார் ஓடுவார்கள்? அந்த ஒலிபெருக்கி வருஷக்கணக்காகக் கடல் நிலவரத்தைச் சரியாகச் சொல்லிக்கொண்டு இருந்தது. அதனால்தான் அன்னைக்கும் நம்பினார்கள் என்று நான் நினைக்கிறேன்.

இன்னைக்கு நம்ம ஒவ்வொரு குழுவின் கையிலும் ஒரு ஒலிபெருக்கி இருக்கிறது. யூடியூப், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். அதில் பேசவேண்டிய வசனத்தை எழுதிக் கொடுக்க சாட்ஜிபிடி, ஜெமினி, மெட்டா ஏ.ஐ. என்று ஆளும் இருக்கிறது. கேட்டால் பத்து விநாடியில் எழுதிக் கொடுக்கும். ஆனால் அந்த ஒலிபெருக்கியைக் கேட்டு சனங்கள் என்ன செய்வார்கள் என்பதை நாம்தான் யோசிக்கணும். நாங்கள் யோசிக்கவில்லை. அந்தக் கதையை இப்போ சொல்கிறேன்.

எங்கள் குழுவில் 12 பேர். சத்துமாவு செய்கிறோம். கேழ்வரகு, கம்பு, கோதுமை, பச்சைப்பயறு, பொட்டுக்கடலை எல்லாம் வறுத்து, அரைத்து, அரை கிலோ பாக்கெட் போடுகிறோம். பஞ்சாயத்துக் கண்காட்சியில் விற்போம், தெரிஞ்சவங்களுக்குக் கொடுப்போம். போன வருஷம் விற்பனை மந்தமாக இருந்தது. உறுப்பினர் ஒருத்தரின் மகள் காலேஜில் படிக்கிறாள். அவள்தான், ‘வீடியோ போடுங்க அத்தை, வசனத்தை ஏ.ஐ. எழுதிக் கொடுக்கும்’ என்றாள்.

நாங்கள் ஒரு செயலியில் கேட்டோம். ‘சத்துமாவு விற்பதற்கு நல்ல வீடியோ வசனம் எழுதிக் கொடு.’ இவ்வளவுதான் கேட்டோம். எங்கள் மாவில் என்ன இருக்கு என்றுகூடச் சொல்லவில்லை. அது மளமளவென்று எழுதியது. 18 வகைத் தானியம் என்றது. நாங்கள் போடுவது 9. பாரம்பரிய ரகசியம் என்றது. கடைசியில், ‘சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்’ என்று ஒரு வரி. 18-ஐ 9 ஆக்கினோம். அந்தக் கடைசி வரியை விட்டுவிட்டோம். கேட்க நன்றாகத்தானே இருக்கு என்று விட்டுவிட்டோம். நான்தான் கேமரா முன்னாடி நின்று அதைப் பேசினேன்.

அந்த வாரம் 34 பாக்கெட் போச்சு. அதுவரைக்கும் ஒரு மாசத்துக்கே அவ்வளவு போனதில்லை. எங்களுக்கு சந்தோஷம் தாங்கவில்லை.

பதினைந்து நாள் கழித்து ஒரு போன் வந்தது. பக்கத்து ஊர் பொண்ணு. ‘அக்கா, உங்க மாவுதான் எங்க அம்மா குடிக்கிறாங்க. மாத்திரையை நிறுத்திட்டாங்க. இன்னும் எத்தனை நாள்ல சர்க்கரை சுத்தமா சரியாகும்?’

எனக்குக் கை கால் ஆடிப்போச்சு. நானும் பொருளாளரும் அன்னைக்கே அந்த வீட்டுக்குப் போனோம். அந்த அம்மா திண்ணையில் படுத்திருந்தாங்க. ‘நீதானே போன்ல சொன்னே’ என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆட்டோ வைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனோம். சர்க்கரை ரொம்ப ஏறியிருந்தது. டாக்டர் மறுபடியும் மாத்திரையை ஆரம்பித்தார். அந்த அம்மா தேறிவிட்டார்கள். கடவுள் புண்ணியம். ஆனால் டாக்டர் எங்களைக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். ‘தானிய மாவு எதுவானாலும் அதில் மாவுச்சத்துதான் நிறைய இருக்கு. மாத்திரையை நிறுத்திட்டு அதைக் குடிச்சா சர்க்கரை ஏறத்தான் செய்யும்.’ அரைக்கிற எங்களுக்கு அதுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறது.

அன்னைக்கு ராத்திரியே கூட்டம் போட்டோம். மூணு தீர்மானம் எழுதினோம். ஒன்று, அந்த வீடியோவை அழிப்பது. இரண்டு, வாங்கின 34 பேருக்கும் போன் செய்து, ‘நாங்கள் சொன்னது தப்பு, மாத்திரையை நிறுத்தாதீங்க’ என்று சொல்வது. மூணு, இனிமேல் மூணு பேர் படித்துப் பார்க்காமல் எந்த வீடியோவும் போடுவதில்லை. 34 பேருக்குப் போன் செய்ய இரண்டு நாள் ஆச்சு. சிலர் திட்டினார்கள். ஆறு பேர் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள், பணத்தைக் கொடுத்துவிட்டோம். ஆனால் ஒருத்தர், ‘போன் பண்ணிச் சொன்னீங்களே, அதுக்காகவே அடுத்த மாசமும் வாங்குவேன்’ என்றார். அவர் இன்னைக்கும் வாங்குகிறார்.

தப்பு செயலியின் மேல் இல்லை. படிக்காமல் பேசின என் மேல்தான். பிறகு விசாரித்தபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது. உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதே சட்டப்படி குற்றம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ன்படி, தப்பான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். சர்க்கரை நோய்க்கு மருந்து என்று விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954-லேயே ஒரு சட்டம் வந்திருக்கிறது. நம்ம சுழல்நிதி மொத்தமும் போனாலும் அந்த அபராதம் கட்ட முடியாது.

சரி, இவ்வளவு ஆச்சே, ஏ.ஐ.யை விட்டுவிட்டீங்களா என்று கேட்பீங்க. விடவில்லை. விடவும் தேவையில்லை. எப்படிப் பயன்படுத்துவது என்று கற்றுக்கொண்டோம்.

அது எப்படி வேலை செய்கிறது என்று எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆல்பம் வைத்திருப்பார்கள். அதில் வசனமெல்லாம் தயாராக இருக்கும். மாப்பிள்ளை பேரு, பொண்ணு பேரு, முகூர்த்த நேரம் நாம் கொடுக்கணும். ஏ.ஐ.யும் உலகத்தில் எழுதினதையெல்லாம் படித்துப் பழகி, பொதுவாக எல்லாரும் எப்படிச் சொல்வார்களோ அப்படி எழுதும். ஒரு வித்தியாசம்தான். பேரு கொடுக்கவில்லை என்றால் அச்சகக்காரர் இடத்தைக் காலியாக விடுவார். இது காலியாக விடாது. தானே ஒரு பேரைப் போட்டு நிரப்பிவிடும். எங்கள் மாவில் 18 தானியம் வந்தது அப்படித்தான்.

அதனால் முதல் வேலை, போனை எடுக்காதீங்க. நோட்டை எடுங்க. தீர்மானப் புத்தகம் எழுதுவது போல, நம்ம பொருளைப் பற்றி நமக்கு நிச்சயமாகத் தெரிந்ததைப் பத்து வரி எழுதுங்க. என்ன பொருள், எதில் செய்கிறோம், எத்தனை நாள் ஆகிறது, எவ்வளவு எடை, என்ன விலை, எத்தனை நாள் கெடாமல் இருக்கும், எங்கே கிடைக்கும். அந்தப் பொருளைப் பற்றி நமக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயமும் இருக்கணும். அதுதான் வீடியோவுக்கு உயிர்.

வில்லியனூர் பக்கம் அகல் விளக்கு செய்கிற குழுவோடு சேர்ந்து போன வருஷம் ஒரு வீடியோ செய்தோம். அதை வைத்தே சொல்கிறேன். அவர்கள் நோட்டில் இப்படி எழுதியிருந்தார்கள். களிமண்ணைக் காலால் மிதித்துப் பதம் பார்க்கிறோம். சக்கரத்தில் வைத்து வனைகிறோம். நிழலில் காயவைத்து, பிறகு வெயிலில் வைக்கிறோம். சூளையில் சுடுகிறோம். நன்றாக வெந்த அகலைத் தட்டினால் கணீரென்று கேட்கும், வேகாதது மொத்தென்று கேட்கும். புது அகலைத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்து ஏற்றினால் எண்ணெய் குடிக்காது. இந்தக் கடைசி இரண்டு வரியும் எந்த ஏ.ஐ.யும் தானாக எடுத்து வைக்கவில்லை. அந்த வீட்டுப் பாட்டி சொன்னது.

இரண்டாவது வேலை, கேட்கிற விதம். டைப் அடிக்கத் தெரியாவிட்டால் மைக் பட்டனை அமுக்கித் தமிழிலேயே பேசலாம். நாங்கள் கேட்டது இப்படி: ‘நாங்கள் வில்லியனூர் பக்கத்து மகளிர் குழு. கார்த்திகைக்கு அகல் விளக்கு விற்கிறோம். கீழே இருக்கிற பத்து விவரத்தை மட்டும் வைத்து 40 விநாடி வீடியோவுக்கு வசனம் எழுதிக் கொடு. விவரத்தில் இல்லாத எதையும் சேர்க்காதே. தெரியாத இடத்தில் கோடு போட்டுக் காலியாக விடு. பேசுகிறவர் ஐம்பது வயது அம்மா. வீட்டில் பேசுகிற தமிழ் வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் என்ன காட்சி எடுக்கணும் என்றும் பக்கத்தில் எழுது.’

‘காலியாக விடு’ என்று சொன்னால் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. அப்படியும் சில நேரம் நிரப்பும். அதனால்தான் அடுத்த வேலை.

மூணாவது வேலை, சத்தமாகப் படிக்கிறது. அது எழுதிக் கொடுத்த முதல் வரி இது: ‘வணக்கம் நண்பர்களே! இன்று நாம் பாரம்பரியத்தின் ஒளியைக் கொண்டாடும் ஓர் அற்புதமான பயணத்தைக் காணவிருக்கிறோம்!’ பாட்டி அதைக் கேட்டுவிட்டு, ‘யாரு பயணம் போறாங்க?’ என்று கேட்டாங்க. எல்லாரும் சிரித்துவிட்டோம். அந்த வரியை அடித்துவிட்டு, பாட்டி கையில் இரண்டு அகலை எடுத்து, ஒன்றோடொன்று தட்டி, ‘கேட்டீங்களா சத்தம்? இதுதான் வெந்த வௌக்கு’ என்று சொல்கிற மாதிரி ஆரம்பித்தோம். பார்க்கிறவர்கள் முதல் மூணு நாலு விநாடியில்தான் இருக்கலாமா, தள்ளிவிடலாமா என்று முடிவு செய்கிறார்கள். அந்த இடத்தில் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் ஏ.ஐ. கொடுத்த வரிசை நன்றாக இருந்தது. எதை முதலில் காட்டுவது, எதைப் பிறகு காட்டுவது, விலையை எங்கே சொல்வது என்பதெல்லாம் அது சொன்ன மாதிரியே வைத்துக்கொண்டோம். வரிசை அதனுடையது, வார்த்தை பாட்டியுடையது.

நம்ம பேச்சு கொச்சை, அதைப் போய் வீடியோவில் பேசுவதா என்று வெட்கப்படுகிறவர்கள் இங்கே இருக்கிறீங்க. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்துக்காரர்கள் 2018-ல் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ ஆரம்பித்தார்கள். வயல்வெளியில் அடுப்பு மூட்டி, ஒரு தாத்தாவும் பேரன்களும் சமைக்கிறார்கள். போடுகிற சாமான் பேரை ஊர்க் குரலில் உரக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான் பேச்சு. 2021-ல் அவர்கள் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டார்கள். தமிழ் யூடியூப் சேனல்களில் அதுதான் முதல் முறை. சாட்ஜிபிடி மக்கள் கைக்கு வந்ததே 2022 நவம்பர் கடைசியில்தான். ஆக, ஊர்ப் பேச்சு ஒரு குறை இல்லை.

வசனத்தின் நீளம் பற்றி ஒரு கணக்கு. நம்ம நிதானமாகப் பேசினால் அரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் வார்த்தைதான் பேச முடியும். ஏ.ஐ. 40 விநாடிக்கு என்று 150 வார்த்தை எழுதிக் கொடுக்கும். ஓடிக்கொண்டே படிக்கிற மாதிரி ஆகிவிடும். யூடியூப் ஷார்ட்ஸ் இப்போ 3 நிமிஷம் வரைக்கும் போடலாம். அதுக்காக 3 நிமிஷமும் பேசணும் என்று இல்லை. ஒரு வீடியோவில் ஒரு விஷயம் போதும்.

நாலாவது வேலை, சரிபார்க்கிறது. எங்கள் குழுவில் மூணு பேர் படிக்கிறோம். ஒருத்தர் கணக்கு பார்ப்பவர், ஒருத்தர் பொருளைக் கையால் செய்பவர், ஒருத்தர் வெளியாள், வாங்குகிறவர் மாதிரி கேள்வி கேட்பதுக்கு. ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்விதான்: ‘இதை வாங்குறவங்க வீட்டுக்கு வந்து கேட்டா, நம்மால காட்ட முடியுமா?’ காட்ட முடியாததை அடித்துவிடுவோம்.

அகல் வீடியோவில் அப்படி ஒன்று அடித்தோம். ஏ.ஐ., ‘புவிசார் குறியீடு பெற்ற அகல்’ என்று எழுதியிருந்தது. வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, உண்மைதான். நம்ம திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் இருக்கிறது. நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அந்தப் பேரைத் தன் பொருளின் மேல் போட்டு விற்க, அதில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்திருக்கணும். அந்தக் குழு இன்னும் பதிவு செய்யவில்லை. அதனால் அந்த வரியை எடுத்துவிட்டு, பதிவு செய்வது எப்படி என்று விசாரிக்க ஒரு தீர்மானம் போட்டார்கள். அடித்த வரியிலும் ஒரு நல்லது நடந்தது.

சாப்பாட்டுப் பொருள் செய்கிறவர்கள் உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண்ணையும், தயாரித்த தேதியையும் பாக்கெட்டில் பார்த்துப் பார்த்து வீடியோவில் சரியாகக் காட்டுங்க. ‘குணமாக்கும்’, ‘தீர்க்கும்’, ‘100 சதவீதம்’ என்கிற வார்த்தைகள் எங்கே இருந்தாலும் சிவப்புப் பேனாவால் அடியுங்க.

ஐந்தாவது, மாதாமாதம் என்ன வீடியோ போடுவது என்கிற திட்டம். இதில் ஏ.ஐ. ரொம்ப உதவி. ‘வருஷத்துக்கு மாசம் இரண்டு வீடியோ, நம்ம பண்டிகையோடு சேர்த்துத் திட்டம் கொடு’ என்றால் ஆடி, விநாயகர் சதுர்த்தி, நவராத்திரி, தீபாவளி, கார்த்திகை, பொங்கல், மாசி மகம் என்று அட்டவணை போட்டுக் கொடுக்கும். ஆனால் அதுக்கு நம்ம ஊர் மழை தெரியாது. அகல் செய்கிற வீடியோவைக் கார்த்திகை மாசத்தில் எடுக்கச் சொன்னது. ஐப்பசி கார்த்திகையில் நமக்கு அடைமழை. மண்ணு காயாது, சூளை பத்தாது. மண் மிதிப்பது, காயவைப்பது, சுடுவது எல்லாம் ஆடி ஆவணியிலேயே எடுத்து வைத்துக்கொள்ளணும். கார்த்திகையில் விற்கிற வீடியோ மட்டும் போட்டால் போதும். அதேபோல பாகூர் பக்கம் நெல், அரிசி விற்கிற குழுக்கள், ஏரித் தண்ணி எப்போ திறக்கும், நடவு எப்போ, அறுப்பு எப்போ என்று பார்த்து அட்டவணையை மாற்றிக்கொள்ளுங்க. வில்லியனூர்த் தேர் வைகாசியில் வரும். அன்னைக்கு ஊரில் கூட்டம், கடை போட வாய்ப்பு. அதையும் நாம்தான் சேர்க்கணும்.

இன்னும் மூணு எச்சரிக்கை சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

ஒன்று, ஏ.ஐ.யிடம் எதைக் கொடுக்கக் கூடாது என்பது. உறுப்பினர்களின் ஆதார் எண், பாஸ்புக் படம், யாருக்கு எவ்வளவு உள்கடன் பாக்கி என்கிற கணக்கு, பிள்ளைகளின் போட்டோ, எதையும் அதில் ஏற்றாதீங்க. ஒரு அக்கா, கடன் பாக்கி இருக்கிறவங்களுக்குக் கடிதம் எழுதித் தரச் சொல்லி எல்லார் பேரையும் போன் நம்பரையும் போட்டுவிட்டாங்க. நம்ம குழுவின் மானம் நம்ம புத்தகத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

இரண்டு, பொய்ப் படம். ஏ.ஐ. அழகாகப் படமும் வரைந்து கொடுக்கும். நம்ம அகலைவிட அழகான அகல் வரும். அதைக் காட்டி ஆர்டர் வாங்கி நம்ம அகலை அனுப்பினால் ஏமாற்றினதாகத்தான் ஆகும். நிஜம் மாதிரி இருக்கிற ஏ.ஐ. காட்சியைப் போட்டால் அதைச் சொல்லிவிடணும் என்று யூடியூப் 2024-லிருந்தே விதி வைத்திருக்கிறது. அதைவிட நம்ம வாசலில் காலை வெயிலில் எடுத்த படமே மேல்.

மூணு, முகம் காட்டுவது. வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை, கமெண்டில் அசிங்கமாக எழுதுவார்களோ என்கிற பயம் பல பேருக்கு இருக்கிறது. அது நியாயமான பயம். முகம் காட்டணும் என்று கட்டாயம் இல்லை. கையை மட்டும் காட்டுங்க, குரல் போதும். கமெண்டை மூடி வைக்கவும் வழி இருக்கிறது. குழுப் பேரில் கணக்கு வையுங்க, தனி ஆள் பேரில் வேண்டாம். வாங்குகிறவர்களின் பேரும் நம்பரும் ஒரு நோட்டிலும் இருக்கட்டும். 2020 ஜூனில் டிக்டாக் ஒரே நாளில் தடையாச்சு. அதையே நம்பி இருந்தவர்கள் எல்லாம் நடுத்தெருவில் நின்றார்கள். செயலி போகும், வரும். நோட்டு இருக்கும்.

தலைவி அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு குழுவும் தனித்தனியாக எங்களைப் போல அடிபட்டுத்தான் கற்கணும் என்று இல்லை. கூட்டமைப்பு அளவில் ‘வீடியோ சரிபார்ப்பு’ என்று மூணு பேர் கொண்ட ஒரு சிறு குழு அமைக்கணும். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருத்தர், உணவுப் பாதுகாப்பு விதி தெரிந்த ஒருத்தர், செல்போன் தெரிந்த ஒரு இளம்பெண். எந்தக் குழு வீடியோ போட்டாலும் முதலில் அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். அரை மணி நேர வேலை. ஆனால் ஒரு அம்மா மாத்திரையை நிறுத்தாமல் இருப்பாங்க.

அந்த அம்மாவை நான் இப்போவும் மாசம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். போன மாசம் போனபோது, ‘புதுசா வீடியோ போட்டியாமே, அதுல என்ன சொன்னே?’ என்று கேட்டாங்க. நான் சொன்னேன்: ‘ஒன்பது தானியம், அரை கிலோ, ரெண்டு மாசம் கெடாது, சர்க்கரை இருக்கறவங்க டாக்டரைக் கேட்டுக்கிட்டுக் குடிங்க.’ ‘இதைத்தானே மொதல்லயே சொல்லியிருக்கணும்’ என்றாங்க. ஆமாம் அம்மா, இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்கணும்.

அந்தப் புது வீடியோவுக்கும் வரிசை போட்டுக் கொடுத்தது ஏ.ஐ.தான். அந்த வாரம் 34 பாக்கெட் போகவில்லை, 11 தான் போச்சு. ஆனால் அந்தப் பதினோரு பேர் வீட்டுக்கும் நான் தைரியமாகப் போகலாம்.